கைவேலைக்கு மதிப்புத் தேடித் தந்த கமலாதேவி அம்மையார் (1903 – 1988)

நம் பாடசாலையில் படித்த எவருக்கும் தையல் வகுப்பு மறக்காது. வெள்ளைத் துணியில் ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், காஜாத் தையல் என்று வரிசையாகத் தைத்து, தவறிய இடத்தைப் பிரித்து, மீண்டும் தைத்துக் காட்டியிருக்கிறோம். குளிர் விறைத்த விரல்களால் ஊசியில் நூல் கோர்த்திருக்கிறோம். பரீட்சைக்கு அது சிறிய பாடம். ஆனால் பாடசாலையை விட்டுப் போன பிறகு, லயத்து அறையிலும் நகரத்து வாடகை வீட்டிலும் கடல் கடந்த குடியிருப்பிலும் நம்மில் பலருக்குச் சோறு போட்டது அந்தச் சிறிய பாடமே. அப்படியிருந்தும் அந்த வேலையைத் தொழில் என்று சொல்ல நாமே தயங்குகிறோம். சும்மா இருக்கிற நேரத்தில் கொஞ்சம் தைப்பேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறோம்.

கைவேலையைச் சும்மா இருக்கிற நேரத்து வேலையாக நினைக்கக் கூடாது என்பதை ஒரு நாட்டுக்கே உணர்த்தியவர் கமலாதேவி சட்டோபாத்தியாய அம்மையார். கைத்தறியும் பூத்தையலும் துணிச் சித்திரமும் செய்கிறவர்களைச் சங்கமாக்கி, அந்தச் சங்கங்களை உலகம் அறியச் செய்தவர் அவர். நம் மலையகத்துக்கும் அவர் வந்திருக்கிறார். நூற்றாண்டு காணும் இவ்வேளையில் அவருடைய வாழ்க்கையை நம் சகோதரிகளுக்கு நினைவூட்டுவது பொருத்தம் என்று எண்ணியே இதை எழுதுகிறேன்.

நாவலப்பிட்டியில் ஒரு நாள்

1937 ஆம் ஆண்டு ஏப்ரல் 3 ஆம் திகதி நாவலப்பிட்டியில் ஒரு கூட்டம் நடந்தது. லங்கா சமசமாஜக் கட்சியின் அழைப்பில் இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி அதில் பேசினார். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து சுமார் 2000 தொழிலாளர்கள் வந்து கேட்டார்கள். அன்று அவருக்கு 34 வயது நிறைந்தது. பிறந்தநாளைத் தோட்டத் தொழிலாளர் மத்தியில் கழிக்க நேர்ந்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் அவர் வாழ்க்கைக்கு அது எவ்வளவு பொருந்துகிறது!

அதே மேடையில்தான் கலாநிதி என். எம். பெரேரா, பிரேஸ்கர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞரைக் கூட்டத்துக்கு அறிமுகம் செய்தார். மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றில் துரைத்தனம் பழக வந்த அவ்விளைஞர், தொழிலாளர் பக்கம் நின்று துரைமாரைக் கண்டித்தார். சில வாரங்களுக்குள் ஆளுநர் அவரை நாடு கடத்த உத்தரவிட்டதும், உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்று தீர்த்ததும் இலங்கைச் சரித்திரத்தில் இடம்பெற்ற செய்திகள். அந்தச் சரித்திரத்தில் கமலாதேவியின் பெயர் பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

அக்காலத்து மலையகத்தை நினைத்துப் பாருங்கள். கோ. நடேசய்யர் 1931 இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஆரம்பித்திருந்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை மேடைகளில் பாடித் தொழிலாளரை எழுப்பிக் கொண்டிருந்தார். கொழுந்து பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். ஆனால் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம். மழைக்கும் குளிருக்கும் தலையில் போடும் கம்பளியின் விலையும் அந்தச் சம்பளத்திலிருந்தே கழிக்கப்பட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தோட்டத்தில் சம சம்பளம் கிடைத்தது 1984 இல்தான். அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே, உழைக்கும் கைக்கு உரிய மதிப்பைக் கேட்கும் ஒரு பெண் நம் மலைக்கு வந்து போனார்.

இளமையில் பட்ட துன்பம்

கமலாதேவி 1903 ஏப்ரல் 3 ஆம் திகதி மங்களூரில் பிறந்தார். தகப்பனார் அனந்தையா தாரேஸ்வர் அரசாங்கத்தில் உயர்ந்த உத்தியோகத்தில் இருந்தவர். தாயார் கிரிஜாபாய் படிப்பில் மிகுந்த ஆர்வமுள்ளவர். கமலாதேவிக்கு ஏழு வயதாகும்போது தகப்பனார் உயில் எழுதாமலே காலமானார். சொத்து முழுவதும் அவருடைய முதல் தாரத்து மகனுக்குப் போயிற்று. தாய்க்கும் மகளுக்கும் மாதாமாதம் ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். உரிமையாக வராத பணம் வேண்டாம் என்று கிரிஜாபாய் மறுத்துவிட்டு, தனது சீதனச் சொத்தைக் கொண்டே மகளை வளர்த்தார். பெண்ணின் உழைப்புக்கும் உரிமைக்கும் சட்டத்தில் இடமில்லை என்பதை அந்தச் சிறுமி தன் வீட்டிலேயே கண்டுகொண்டாள்.

14 வயதில் கல்யாணம். இரண்டு வருடங்களில் கணவர் இறந்தார். விதவையான சிறுமி மூலையில் உட்கார வேண்டிய காலம் அது. தாயார் அதற்கு இணங்கவில்லை. கமலாதேவி பள்ளிப் படிப்பைத் தொடர்ந்து, சென்னை இராணி மேரிக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அங்கே சரோஜினி நாயுடுவின் தங்கை சுஹாசினி அவருக்குத் தோழியானார். அத்தோழமையின் வழியாகச் சுஹாசினியின் சகோதரரும் கவிஞரும் நாடகக் கலைஞருமான ஹரீந்திரநாத்தை அறிந்து மணம் புரிந்தார். விதவை மறுமணம், அதுவும் வேற்று மாகாணத்தவரோடு. உறவினர் கொதித்தார்கள். அந்த இல்வாழ்க்கை நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஒரு மகனுக்குத் தாயான பின் அவர்கள் பிரிந்தார்கள். விவாகரத்து என்ற சொல்லையே வாயில் எடுக்காத காலத்தில் அவர் அதையும் நேர்மையாகச் செய்து முடித்தார்.

வீதிக்கு வந்த பெண்

இலண்டனில் சமூகவியல் படித்துக்கொண்டிருந்த கமலாதேவி, காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு நாடு திரும்பினார். 1926 இல் பெண்களும் சட்டசபைத் தேர்தலில் நிற்கலாம் என்று வந்தபோது, மார்கரெட் கசின்ஸ் அம்மையாரின் தூண்டுதலால் மெட்ராஸ் சட்டசபைக்குப் போட்டியிட்டார். பிரசாரம் செய்யப் போதிய நாள் இருக்கவில்லை. மிகச் சொற்ப வாக்குகளால் தோற்றார். எனினும் இந்தியாவில் சட்டசபைத் தேர்தலில் நின்ற முதல் பெண் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. 1927 இல் அகில இந்திய மாதர் மாநாடு தோன்றியபோது அதன் அமைப்புச் செயலாளராகி ஊர் ஊராகச் சென்றார். டில்லியில் 1932 இல் லேடி இர்வின் கல்லூரி ஆரம்பமானது அம்மாநாட்டின் முயற்சியால்.

1930 உப்புச் சத்தியாக்கிரகத்தின் கதை பலரும் அறிந்தது. தண்டிக்கு நடந்தவர்களில் பெண்கள் இல்லை. கமலாதேவி இதை ஏற்கவில்லை. காந்தியடிகளை நேரில் சந்தித்து வாதாடிப் பெண்களும் கலந்துகொள்ள வழி செய்தார். பம்பாய்க் கடற்கரையில் உப்புக் காய்ச்சியவர்களில் முன்னணியில் நின்றார். காய்ச்சிய உப்பைச் சிறு பொட்டலங்களாகக் கட்டிப் பங்குச் சந்தைக்குள்ளேயே போய் விற்றார். சிறை சென்றார். சாதாரணப் பொருள் ஒன்றைக் கையால் செய்து மக்கள் நடுவே கொண்டுபோனால் அது எத்தனை வலிமையாகிறது என்ற பாடத்தை அவர் அன்று கற்றிருக்க வேண்டும். உப்பில் கற்றதைப் பிற்காலத்தில் நூலிலும் துணியிலும் செய்து காட்டினார்.

சுதந்திரத்துக்குப் பின்

1947 இல் இந்தியா சுதந்திரம் பெற்றது. உடனிருந்த பலர் மந்திரிகளும் தூதுவர்களும் ஆனார்கள். கமலாதேவி பதவியைத் தேடவில்லை. பிரிவினையால் வீடு வாசல் இழந்து டில்லிக்கு வந்து குவிந்த அகதிகளிடம் போனார். நிவாரணச் சோறும் கம்பளிப் போர்வையும் எத்தனை நாளைக்கு? தங்கள் கையாலேயே தங்கள் ஊரைக் கட்டிக்கொள்ள அவர்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று வாதாடினார். 1948 இல் இந்தியக் கூட்டுறவு ஒன்றியத்தை அமைத்தார். வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்து வந்த அகதிகளுக்காக டில்லிக்கு அருகே ஃபரீதாபாத் நகரம் எழுந்ததில் அந்த ஒன்றியத்துக்குப் பெரும் பங்கு உண்டு. வீடு கட்டப் பழகி, கட்டியவர்களே குடியேறினார்கள். போகப் போக உத்தியோகத்தர்களின் கை ஓங்கிக் கூட்டுறவின் கை தளர்ந்தது. அது அவருக்கு ஏமாற்றமே. ஆனாலும் கூட்டுறவில் அவர் நம்பிக்கை இழக்கவில்லை.

சங்கம் வளர்ந்த கதை

அகதிப் பெண்கள் மூட்டையில் கொண்டு வந்தது கொஞ்சம். விரலில் கொண்டு வந்தது நிறைய. பஞ்சாபிப் பெண்கள் முரட்டுக் கதர்த் துணியில் பட்டு நூலால் புல்காரிப் பூத்தையல் போடுவார்கள். துணியின் பின்பக்கத்திலிருந்து நூலிழையை எண்ணி எண்ணித் தைப்பது அது. மகளின் கல்யாணத்துக்காகத் தைத்து வைத்த அப்படிப்பட்ட வேலைகளைப் பசிக்கு விற்க வேண்டி வந்தது. வாங்க வந்தவர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள்.

இந்த இடத்தில்தான் கமலாதேவியின் வேலை தொடங்குகிறது. நெசவாளியும் தையற்காரியும் ஏன் ஏழையாகவே இருக்கிறார்கள் என்பதை அவர் நன்கு விளங்கிக்கொண்டிருந்தார். நூலைக் கடனாகக் கொடுப்பவர் வியாபாரி. செய்த துணியை எடுத்துக்கொள்பவரும் அவரே. விலையைச் சொல்பவரும் அவரே. கடன் தீராத வரை வேறு யாருக்கும் விற்க முடியாது. இந்தச் சுருக்கை அவிழ்க்கத் தனி ஒருத்தியால் முடியாது. பலர் சேர்ந்து நூலை மொத்த விலைக்கு வாங்க வேண்டும். செய்த பொருளைத் தரம் பார்த்து ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். நியாய விலைக்கு விற்கத் தங்களுக்கென்று ஒரு கடை வேண்டும். கிடைத்த இலாபம் செய்தவர் கைக்கே திரும்ப வேண்டும். கூட்டுறவு என்பதன் சாரம் இவ்வளவுதான்.

அந்தக் கடையும் அமைந்தது. டில்லியில் அரசாங்கம் ஆரம்பித்திருந்த மத்திய குடிசைத் தொழில் விற்பனை நிலையத்தை 1950களின் தொடக்கத்தில் கூட்டுறவு ஒன்றியம் பொறுப்பேற்று நடத்தியது. தலைநகரத்துப் பணக்காரர்களும் வெளிநாட்டுத் தூதரகத்தாரும் அங்கே வந்து கிராமத்துத் துணியை நல்ல விலை கொடுத்து வாங்கினார்கள். 1952 இல் அகில இந்தியக் கைப்பணிச் சபை நிறுவப்பட்டதும் அதன் தலைமையைக் கமலாதேவி ஏற்று ஏறக்குறைய 20 வருடங்கள் நடத்தினார். டில்லி, பம்பாய், கல்கத்தா, பெங்களூர் ஆகிய நகரங்களில் வடிவமைப்பு நிலையங்கள் எழுந்தன. தலைசிறந்த கைவினைஞருக்குத் தேசிய விருது வழங்கும் வழக்கம் 1965 இல் வந்தது. அதுவரை பெயரில்லாமல் இருந்த நெசவாளியும் பூத்தையற்காரியும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு மேடையேறினார்கள்.

அலுவலகத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் அவர் செய்யவில்லை. இரயிலிலும் மாட்டு வண்டியிலும் போய், தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செய்கிறவரிடம் கேட்டுப் படித்தார். தென்னாட்டில் காளஹஸ்திக் கலம்காரியை எடுத்துக்கொள்ளுங்கள். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊற வைத்துக் காயப் போடுவார்கள். மூங்கில் குச்சியில் நூல் சுற்றிச் செய்த பேனாவால், இரும்பும் வெல்லமும் ஊறிய கறுப்புச் சாயத்தில் கோடு இழுப்பார்கள். சிவப்பு ஏறப் படிகாரம் தடவிச் சாய வேரோடு கொதிக்க வைப்பார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஆற்று நீரில் அலசிக் காயப் போட வேண்டும். இராமாயணமும் பாரதமும் இப்படித் துணியில் எழுதப்பட்டன. 1950களில் இத்தொழில் சிலருடைய கையில் மட்டும் எஞ்சி நின்றது. கைப்பணிச் சபை காளஹஸ்தியில் பயிற்சி நிலையம் அமைத்து, முதிய கலைஞரைக் கொண்டு இளையோருக்குப் பழக்கியது. இன்று கலம்காரிச் சேலை கட்டுகிற நாம் அந்தப் பயிற்சி நிலையத்துக்குக் கடமைப்பட்டவர்கள்.

1964 ஆம் ஆண்டு

1964 இல் இரண்டு முக்கிய அமைப்புகள் தோன்றின. நியூயோர்க்கில் பல நாட்டுக் கைவினைஞர்கள் கூடி உலகக் கைப்பணி மன்றத்தை அமைத்தார்கள். அமெரிக்கரான ஐலீன் வெப் அம்மையாரோடு கமலாதேவியும் அதன் முன்னோடிகளில் ஒருவர். அதே ஆண்டு இந்தியக் கைப்பணி மன்றம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஆரம்பமானது. அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திராமல் தன்னார்வமுள்ள பெண்கள் கூடி நடத்தும் சங்கம் அது. இன்றும் அது இயங்குகிறது. அதன் கடைக்கும் அது வழங்கும் விருதுக்கும் கமலா என்றே பெயர்.

நமக்கு 1964 வேறொரு காரணத்தால் நினைவிருக்கும் ஆண்டு. அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் தீர்மானித்தார்கள். நம் வகுப்புத் தோழியர் பலர் பாதிப் படிப்போடு கப்பலேறினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் இன்று நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறார்கள். அந்த மலையில் தோடர் குலப் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக இழை எண்ணிப் பூத்தையல் போடுவதை அவர்கள் கண்டிருப்பார்கள். அந்தத் தையலுக்கு 2013 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இடத்தை விட்டுப் போக நேர்ந்தவர்களுக்குக் கைவேலை எத்தனை பெரிய துணை என்பதை ஃபரீதாபாத் அகதிகளும் நம் தோழியரும் ஒருசேர அறிவார்கள்.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் இருக்கிறது. மாத்தளை அலுவிகாரையில் ஏனா டி சில்வா அம்மையார் கிராமத்துப் பெண்களைக் கொண்டு பத்திக் துணியும் பூத்தையலும் செய்வித்து, இலங்கையின் பெயர் பெற்ற கட்டடங்களை அவற்றால் அலங்கரித்தார். மலையேறிப் போனால் சில மணி நேரத் தூரம்தான்.

கடைசிக் காலம்

கமலாதேவிக்குக் கிடைத்த கௌரவங்கள் பல. 1955 இல் பத்மபூஷண், 1966 இல் மக்சேசே விருது, 1987 இல் பத்மவிபூஷண். கைப்பணி பற்றியும் பெண்கள் பற்றியும் பல நூல்கள் எழுதினார். 1986 இல் தன் நினைவுகளையும் நூலாக்கினார். தடித்த கைத்தறிச் சேலையும் தலையில் பூவும் கையில் வளையலுமாக முதுமையிலும் ஊர் சுற்றினார். 1988 ஒக்டோபர் 29 ஆம் திகதி பம்பாயில் தமது 85 ஆவது வயதில் காலமானார்.

அவருடைய திட்டங்கள் எல்லாம் வெற்றி பெறவில்லை. கடைகள் பெருகின, ஆனால் பல தறிகள் நின்றுபோயின. கடையில் கொடுக்கும் விலையில் செய்தவருக்குப் போய்ச் சேருவது இன்றும் பல இடங்களில் சொற்பமே. அந்தக் குறையை நிறைவாக்கும் வேலை அவரோடு முடிந்துவிடவில்லை.

நமக்கு ஒரு வேண்டுகோள்

சகோதரிகளே, இன்று நம் தோட்டங்களில் தையல் மெஷின் வைத்திருக்கும் வீடுகள் அநேகம். சட்டை தைப்பவர், கம்பளி பின்னுபவர், குரோஷே போடுபவர் லயத்துக்கு லயம் இருக்கிறார்கள். நுவரெலியாக் குளிருக்கு உல்லாசப் பயணிகள் வாங்கும் தொப்பியிலும் சால்வையிலும் அவர்களுடைய வேலையும் உண்டு. யார் பின்னியது என்று வாங்குபவருக்குத் தெரியாது. கேட்ட விலையில் எவ்வளவு பின்னியவருக்குப் போகிறது என்று நமக்கும் தெரியாது.

பத்துப் பெண்கள் சேர்ந்து நூலை மொத்தமாக வாங்கினால் செலவு குறையும். ஒரு கணக்குப் புத்தகமும், பொருளைத் தரம் பார்க்க அனுபவமுள்ள ஒருவரும், விற்க ஓர் இடமும் இருந்தால் ஒரு சங்கம் ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு பொருளிலும் செய்தவரின் பெயரைத் தைத்துவிடலாம். கணக்குப் படித்தவர்களும், வங்கியில் வேலை செய்தவர்களும், கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் கடை வைத்திருப்பவர்களும் நம் பழைய மாணவியரிலேயே இருக்கிறார்கள். ஊரில் தைப்பவர்களும் நம் பழைய மாணவியரே. இரு சாராரையும் சேர்த்து முடிச்சுப் போட ஒரு சங்கம் போதும். அந்தச் சங்கம் நம்மிடம் நூறு வருடங்களாக இருக்கிறது.

நாவலப்பிட்டியில் அன்று கமலாதேவி அம்மையாரின் பேச்சைக் கேட்ட பெண்களின் பேத்திகளும் பூட்டப் பிள்ளைகளும் நம் பாடசாலையில் படித்திருப்பார்கள், இன்னமும் படிக்கிறார்கள். அவர்களுடைய தையல் வகுப்பு அடுத்த நூற்றாண்டில் அவர்களுக்குத் தொழிலாகவும் பெருமையாகவும் அமைய நாம் துணை நிற்போமாக.